நேர்ந்து விட்ட காடு

சேலம் ஜில்லாவில் ஒருவரைப் பார்ப்பதற்காக நீங்கள் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "அவன் காட்டுக்குப் போயிருக்கிறானே!" என்கிறாள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் இதைக் கேட்டால் திடுக்கிட்டுப் போவார். இந்த வயதில் மனுஷனுக்கு என்ன வைராக்கியம் வந்து காட்டுக்குப் புறப்பட்டு விட்டாரோ என்று கவலைப்பட்டாலும் படுவார். கவலைக்கு இடமே இல்லை. ஆசாமி ஊருக்கு மேற்கே இரண்டு ஏக்கர் புஞ்சையில் நிலக்கடலைக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பார். சேலத்திலும் கோயம்புத்தூரிலும் காடு என்றால் மானம் பார்த்த பூமி. சோளக்காடு, கடலைக்காடு, பருத்திக்காடு என்றுதான் அங்கே பேச்சு.

ஒரு சொல்லுக்கு இந்த நிலை எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால், அதற்குள் ஒரு சரித்திரம் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என்றோ ஒரு நாள் அந்தப் புஞ்சை உண்மையாகவே காடாக இருந்தது. யாரோ ஒரு பாட்டன் மரத்தை வெட்டினான், வேரைப் பிடுங்கினான், சோளம் விதைத்தான். மரம் போயிற்று, மான் போயிற்று. பேர் மட்டும் நிலத்தை விட்டுப் போக மறுத்துவிட்டது.

இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஏற்காடு என்ற பெயரைப் பாருங்கள். ஏரியும் காடும் சேர்ந்த இடம் ஏரிக்காடு. அதுதான் மருவி ஏற்காடு ஆயிற்று என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஏரி இருக்கிறது. கோடைக்காலத்தில் அதில் படகு விடுவதற்கு வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது. காடு எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான் அல்ல. ஒன்பது வயது நிரம்பிய என் மகன்.

ஒரு மே மாதத்தில் நாங்கள் குடும்பத்தோடு ஏற்காட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். நான், என் மனைவி, மகள், மகன், இவர்களோடு என் மைத்துனன். சேலத்து வெயிலில் வதங்கிப் போய் பஸ் ஏறினோம். மலைச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் மூங்கிலும் முள்ளும் இலையுதிர்ந்த மரங்களுமாக வறண்டு கிடக்கிறது. ஏற ஏறப் பச்சை கூடுகிறது, காற்று மாறுகிறது, தலைக்கு மேல் மரங்கள் கை கோத்துக்கொள்கின்றன. மைத்துனன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "பார்த்துக்கோடா, இதுதான் காடு!" என்றான்.

மறு நாள் காலை நாங்கள் எல்லோரும் காலாற நடந்து போனோம். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பையன் சுற்றிலும் பார்த்தான். உயரமான மரங்கள் ஒரே மாதிரி, ஒரே உயரத்தில், ஒன்றுக்கொன்று சமதூரத்தில் நின்றன. அவற்றின் மேல் மிளகுக் கொடி. கீழே இடுப்பளவுக்கு வெட்டி விட்ட செடிகள். நடுவே கம்பி வேலி. "காடு எப்போப்பா வரும்?" என்று கேட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த மேஸ்திரி இதைக் கேட்டுச் சிரித்தார். "இது காப்பிக்காடு தம்பி!" என்றார்.

இங்கேயும் அதே கதைதான். பேரில் காடு இருக்கிறது. ஆனால் நின்றிருந்தவர்களின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், ஏதோ சர்வதேச மகாநாட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். காப்பிச் செடி எத்தியோப்பியாவில் பிறந்து அரேபியா வழியாக வந்தது. உயரமாக நின்ற சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. பாதையோரத்துக் கொய்யா அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தது. மிளகு ஒன்றுதான் கொஞ்சம் கிட்டத்து உறவு. அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வந்த சம்பந்தி. சேர்வராயன் மலை இருப்பதோ கிழக்குத் தொடர்ச்சி மலையில்!

இந்த விருந்தாளிகள் இங்கே குடியேறிய கதை ரொம்பப் பழையது அல்ல. 1792-ஆம் வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் சேலம், பாராமகால் பிரதேசங்களைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். காப்டன் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். பிற்காலத்தில் சென்னைக் கவர்னராகப் பேர் பெற்ற மன்றோ அவருக்கு உதவியாளராக இருந்தார். அவர்களுக்குப் பிறகு வந்தவர்களில் காக்பர்ன் துரை முக்கியமானவர். 1820 முதல் 1829 வரையில் சேலத்தில் கலெக்டராக இருந்தவர் அவர். சேலத்தின் கோடையில் ஒரு மாதம் உத்தியோகம் பார்த்த எவருக்கும், நேர் எதிரே நீல நிறத்தில் நிற்கும் மலையின் மேல் கண் போகாமல் இராது. துரையின் கண்ணும் போயிற்று. காப்பியையும் ஆரஞ்சு, ஆப்பிள் முதலிய பழவகைகளையும் இந்த மலையில் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான் என்று இன்றைக்கும் ஏற்காட்டில் அவர் பேரைச் சொல்கிறார்கள்.

அன்றைக்குச் சாலை ஏது? குதிரை மேலும் ஆட்கள் சுமந்த டோலியிலும் மலை ஏறினார்கள். சரிவுகளில் மலைக்காய்ச்சல் காத்திருந்தது. அதையெல்லாம் தாண்டி மேலே வந்து சேர்ந்தவர்கள் பங்களா கட்டினார்கள், மாதா கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாகக் காப்பி பயிர் செய்தார்கள்.

காப்பித் தோட்டம் காட்டைக் கொன்ற விதம் விசித்திரமானது. சோளக்காட்டுக்குப் போல ஒரே வெட்டாக வெட்டித் தள்ளவேண்டியது இல்லை. காப்பிக்கு நிழல் வேண்டும். வெட்டவெளியில் வைத்த செடிகளைத் துளைப்பான் பூச்சி தின்று தீர்த்தபோது, நிழலில் நின்றவை ஓரளவு தப்பித்ததைத் தோட்டக்காரர்கள் அனுபவத்தில் கண்டார்கள். ஆகையால் பெரிய மரங்களில் பலவற்றை விட்டுவைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் காடு அப்படியே இருந்தது. ஆனால் அடியில் இருந்த புதர், கொடி, நாற்று எல்லாம் போய்விட்டன. வருஷாவருஷம் களை வெட்டும்போது, கிழ மரங்களின் விதையிலிருந்து முளைத்த கன்றுகளும் களையோடு களையாகப் போயின. பாட்டன் நிற்கிறான், பேரன் இல்லை. பாட்டன் ஒரு நாள் காற்றில் விழுந்தான். அந்த இடத்தில் சில்வர் ஓக் வைத்தார்கள். அது வேகமாக வளரும், நேராகப் போகும், மிளகுக் கொடி ஏற்றலாம், பணம் வேண்டும்போது வெட்டி விற்கலாம். இப்படியாக இந்த மலையின் காடு கீழிருந்து மேலாகச் செத்தது. சாவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டதால், யாரும் அழவில்லை.

மலைக்குக் கீழேயோ மரத்துக்குச் சாவு இன்னும் விரைவாக வந்தது. 1830-இல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்துக் கஞ்சமலையில் இருந்தது; உருக்குவதற்கு மரக்கரி வேண்டும். கரிக்கு மரம் வேண்டும். 1856-இல் ராயபுரத்திலிருந்து முதல் ரெயில் ஓடியது. அடுத்த சில வருஷங்களில் தண்டவாளம் சேலத்தைத் தாண்டி மேற்கே போயிற்று. தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை, என்ஜினில் எரிக்க விறகு. அதே 1856-இல் சென்னை ராஜதானிக்கு காடுகளின் கன்சர்வேட்டராக டாக்டர் கிளெகார்ன் நியமிக்கப்பட்டார். காட்டுக்குக் காவல்காரர் வந்த வருஷமும் காட்டைத் தின்னும் ரெயில் வந்த வருஷமும் ஒன்றாக அமைந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விறகு தீர்ந்துபோகும் என்ற பயம் வந்த பிறகுதான் சர்க்காருக்கு மரத்தின் மேல் பிரியம் வந்தது. 1882-இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறிற்று. எல்லைக் கல் நட்டு 'ரிசர்வ் காடு' என்றார்கள்.

ஆக, ஒரே மலையில் புதிதாக இரண்டு காடுகள் உண்டாயின: தோட்டக்காரரின் காப்பிக்காடு, சர்க்காரின் ரிசர்வ் காடு. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மலையாளிகள்.

மலையாளிகள் என்றதும் கேரளத்துக்காரர்களை நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை, ஜவ்வாது மலை இவற்றில் வாழ்கிற தமிழ் பேசும் ஜனங்கள் இவர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிமார் மூவர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. மூத்தவனான பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு வந்தான். நடுவண்ணனும் சின்னண்ணனும் மற்ற மலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். அரசியல் கலகமோ, பஞ்சமோ, வேறு எதுவோ அவர்களைச் சமவெளியிலிருந்து விரட்டியிருக்க வேண்டும். தோற்றவர்களுக்கு மலை அடைக்கலம் கொடுத்தது.

வந்தவர்கள் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர்களும் மரத்தை வெட்டினார்கள். ஏர் ஓடுகிற நிலத்துக்கு உழவுக்காடு என்றும், சரிவில் கொத்திப் பயிர் செய்கிற நிலத்துக்குக் கொத்துக்காடு என்றும் பேர் வைத்தார்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்தார்கள். மலை ஜனங்கள் எல்லாம் மரத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறவர்கள் என்று பட்டணத்தில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். பசித்த வயிற்றுக்குச் சாமை வேண்டும். சாமைக்கு நிலம் வேண்டும்.

ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வெட்டும்போது ஒரு பகுதியை வெட்டாமல் நிறுத்தினார்கள். "இது சாமிக்கு" என்றார்கள். அதுதான் கோவில்காடு.

அப்படிப்பட்ட ஒரு காட்டை நாங்கள் பார்த்தோம். நாகலூர் போகிற சாலையில் ஓரிடத்தில் இறங்கி, காப்பித் தோட்டங்களின் நடுவே ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தோம். ஊரின் பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த கோடையில் அங்கே மிளகாய் பஜ்ஜிக் கடை வந்துவிடும்.

தோட்டம் முடிகிற இடத்தில், சுவர் வைத்த மாதிரி காடு ஆரம்பித்தது. பரப்பு அதிகம் இல்லை. இரண்டு மூன்று ஏக்கர் இருக்கலாம். வாசலில் கோபுரம் இல்லை, வளைவு இல்லை. ஒரு கல்லின் மேல் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு, கையில் தடி. அந்த ஊர்க் கவுண்டர்களில் ஒருவர். சாமிக்குப் பூசை செய்கிற குடும்பம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "செருப்பை இங்கேயே விட்ருங்க சாமி. புள்ளைங்களையும் விடச் சொல்லுங்க" என்றார்.

வெறுங்காலோடு உள்ளே போனோம். முதலில் தெரிந்தது குளிர்ச்சிதான். வெளியே இருந்த மே மாதம் உள்ளே வரவில்லை. காலடியில் மண்ணே இல்லை, இலை. மேலே இந்த வருஷத்து இலை, அதற்கு அடியில் சென்ற வருஷத்து இலை, அதற்கும் கீழே எந்த வருஷத்தது என்று சொல்ல முடியாத கரிய பொடி. மெத்தை மேல் நடப்பது போல் கால் அமுங்கியது. நாவல் மரங்கள் இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய பருமனில் நின்றன. மனித உடம்பளவு தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவின. கிளைகளில் பாசியும், பாசியில் பெரணியும், பெரணிக்கு நடுவில் ஆர்க்கிட் செடிகளும் குடியிருந்தன. அடியிலோ விரலளவு, முழ அளவு, ஆளுயரம் என்று எல்லா வயதிலும் கன்றுகள். காப்பிக்காட்டில் காணாமற்போன பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் இங்கே இருந்தார்கள்.

என் மகள் ஒரு மரத்தடியில் நின்று, "அம்மா, இந்தப் பூவைப் பாரேன்!" என்று கூப்பிட்டாள். இலை உதிராத குட்டையான மரம். கொம்பெல்லாம் கொத்துக் கொத்தாக ஆழ்ந்த நீலம். காயாமரம் அது. கண்ணனைக் காயாம்பூ வண்ணன் என்று சிறு வயது முதல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எத்தனை பேர் காயாம்பூவைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்? என் மனைவி சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "இந்த நிறமா!" என்று மட்டும் சொன்னாள்.

நடுவில் சாமி இருந்தது. நாலைந்து கற்கள், துருப்பிடித்த வேல்கள், ஒரு மணி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அகல். தலைக்கு மேல் கூரை, மரம்தான்.

மைத்துனன் கீழே ஒடிந்து விழுந்திருந்த கிளையில் ஆர்க்கிட் செடி ஒன்றைக் கண்டான். பெங்களூரில் அவன் குடியிருக்கிற அடுக்கு மாடியில் பால்கனித் தோட்டம் போட்டிருக்கிறான். "விழுந்து கிடப்பதுதானே, எடுத்துக்கலாமா?" என்று பெரியவரைக் கேட்டான்.

"விழுந்ததும் சாமியோடதுதானுங்க" என்றார் அவர்.

"எடுத்தால் என்ன ஆகும்?"

"தெரியாதுங்க. எடுத்தவங்க யாரும் இல்லை."

அந்தப் பதிலுக்கு மேல் வாதம் செய்ய வக்கீலாலும் முடியாது. மைத்துனன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

காட்டின் கீழ்ப் பக்கத்தில் ஒரு பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்து சிறு குழியில் தேங்கி நின்றது. நல்ல கோடையில், மேலே தோட்டத்துக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த நாளில், அது வற்றவில்லை. ஊர்ப் பெண்கள் குடத்தோடு வந்துபோனார்கள். "தண்ணி இருக்கிற எடத்திலதானுங்க சாமி இருக்கும்" என்றார் பெரியவர். தண்ணீர் இருந்ததால் சாமி வந்ததா, சாமி இருந்ததால் மரம் நின்று, மரம் நின்றதால் தண்ணீர் தங்கிற்றா என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த மலையின் சாமிகளைப் பற்றி ஓர் ஆச்சரியமான விஷயம் உண்டு. ஏற்காட்டு மாதா கோயில் ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவரின் நினைவுச் சின்னம் இருக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரி. 1863 மே 30-ஆம் தேதி சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ஆதி மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவின் மனித சரித்திரத்தை ஒரே நாளில் எத்தனையோ ஆயிரம் வருஷங்களுக்குப் பின்னால் தள்ளியவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவரும், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவருமான பெர்சிவல் பாதிரியாரின் மருமகன். மாமனாரும் மருமகனும் இருவருமே ஏற்காட்டில் வாழ்ந்தவர்கள். ஃபுட் 1912-இல் கல்கத்தாவில் காலமானார். அஸ்தி ஏற்காட்டுக்கு வந்தது.

வழவழவென்று தேய்த்துக் கூராக்கிய புதிய கற்காலக் கருவிகள் இந்த மலையிலும் கிடைத்திருக்கின்றன. மண்ணைத் தோண்டித்தான் எடுத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். பல கருவிகள் மலையாளிகளின் பழைய சிறு கோயில்களிலேயே இருந்தன. என்றோ எவனோ நிலத்தைக் கொத்தும்போது அவை அகப்பட்டிருக்கும். வடிவத்தைப் பார்த்து இது சாதாரணக் கல் அல்ல என்று தெரிந்துகொண்டு சாமியிடம் கொண்டுபோய் வைத்திருப்பார்கள்.

அந்தக் கல் எதற்காகச் செய்யப்பட்டது தெரியுமா? மரம் வெட்டுவதற்கு! மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் இந்த மலையில் முதன்முதலாகக் காட்டைத் திருத்தினவனின் கோடாலி அது. கோடாலி கடைசியில் காட்டுக்குள்ளேயே சாமியாக உட்கார்ந்து கொண்டது. தன்னைச் சுற்றி ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது என்று உத்தரவும் போட்டுவிட்டது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு முடிவு கற்பனையில் தோன்றியிராது.

கடவுளுக்காகக் காட்டை நிறுத்திய வழக்கம் சேர்வராயன் மலைக்கு மட்டும் உரியதல்ல. காப்பிக்குப் பேர் போன குடகிலும் தேவரகாடு என்று ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. இன்னும் வேடிக்கை, காப்பி பிறந்த தேசமான எத்தியோப்பியாவைப் பற்றியது. அதன் வடக்கு மேட்டு நிலங்களில் காடு அநேகமாக அழிந்துபோய் எங்கும் வயலும் மேய்ச்சலும்தான். ஆகாய விமானத்திலிருந்து பார்த்தால் அங்கங்கே பச்சைப் பொட்டு வைத்தது போலத் தெரியுமாம். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் ஒரு பழைய மாதா கோயில் இருக்கும். அவர்களும் கோயிலைச் சுற்றி மரத்தை விட்டு வைத்தார்கள். மதம் வேறு, பாஷை வேறு, கண்டம் வேறு; யோசனை ஒன்று.

திரும்பி வருகிற வழியில் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, பயத்தினால்தானே இந்தக் காடு நிற்கிறது? பயம் போய்விட்டால்?"

பயம் போகவேண்டிய அவசியம்கூட இல்லை என்பதை அன்றைக்கே தெரிந்துகொண்டோம். பெரியவரின் பேரன் எங்களைச் சாலை வரையில் கொண்டுவந்து விட்டான். சேலத்தில் காலேஜில் படிக்கிறான், மரியாதையான பையன், சாமியிடம் பக்தியும் உள்ளவன். "அடுத்த வருஷம் வந்தீங்கன்னா நல்லா இருக்கும் சார்" என்றான். "கோயில் கட்டப்போறோம். சேலத்தில ஒருத்தர் சிமென்ட் தரேன்னு சொல்லியிருக்கார். கோபுரம், முன்னால ஷெட்டு, தரைக்கு டைல்ஸ். ஜீப் வர்ற மாதிரி பாதை. நாலஞ்சு மரம் மட்டும் எடைஞ்சலா இருக்குது."

"தாத்தா என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

"அவர் ஒண்ணும் சொல்லலை சார்."

அந்தப் பையன் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சமவெளியில் இருக்கிற ஒவ்வொரு சாமியும் கோபுரத்தோடு இருக்கும்போது, தன் சாமி மட்டும் ஏன் மழையில் நனைய வேண்டும் என்று அவன் கேட்கிறான். நியாயமான கேள்வி. நாம்தான் அவனுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தோம். காடுதான் கோயில் என்பது அவன் தாத்தாவுக்குத் தெரியும். தெரிந்ததை வார்த்தையில் சொல்ல அவருக்குத் தெரியாது.

வேறு விதமான ஆபத்தும் இந்த மலைக்கு வந்ததுண்டு. சேர்வராயன் மலை உச்சியில் கோடிக்கணக்கான வருஷத்து மழை, பாறையைக் கரைத்துக் கரைத்து பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவாக்கி வைத்திருக்கிறது. மேட்டூரில் 1960-களில் அலுமினியத் தொழிற்சாலை வந்ததும், அந்தத் தாதுவை இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். உச்சியில் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிகள் ஊர் ஊராக வந்து கூடி, குனிந்து குகைக்குள் போய்க் கும்பிடுகிறார்கள். அதற்குக் கொஞ்ச தூரத்தில் மலையின் தலை மொட்டையடித்த மாதிரி சிவந்து கிடந்தது. மழை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற உச்சி அது. வெட்டின இடத்தில் மரம் வைக்கலாம், வைக்கவும் வைக்கிறார்கள். ஆனால் அந்தக் கரிய பொடியை, எண்ணற்ற வருஷத்து இலையை, எந்த லாரியில் கொண்டுவந்து கொட்டுவது?

காப்பாற்ற முயல்கிறவர்களும் இல்லாமல் இல்லை. தாவர ஆராய்ச்சித் துறையார் 1963-இல் ஏற்காட்டில் ஓர் ஆர்க்கிட் தோட்டம் அமைத்தார்கள். இந்த மலையின் பேரையே தாங்கிக்கொண்டிருக்கும் வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற அபூர்வ மரம் அங்கே வளர்கிறது. மலையில் அது அருகிப்போய்விட்டது. 2006-இல் பார்லிமென்டில் நிறைவேறிய வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்கிற ஜனங்களுக்குத் தங்கள் காட்டைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. 1882-இல் எல்லைக் கல் நட்டு வெளியே நிறுத்தியவர்களை, நூற்றிருபத்து நாலு வருஷம் கழித்து உள்ளே வாருங்கள் என்று சட்டம் அழைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் சட்டம் கோடாலியைத் தடுக்கும். பக்தியோடு வருகிற சிமென்ட் மூட்டையைத் தடுக்கச் சட்டத்தில் இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைத் தடுக்க அந்தப் பேரன் ஒருவனால்தான் முடியும்.

நம் கிராமங்களில் மாட்டையோ ஆட்டையோ சாமிக்கு நேர்ந்து விடுவார்கள். நேர்ந்து விட்ட மாட்டை ஏரில் பூட்டமாட்டார்கள், விற்கமாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். அது யார் வயலில் மேய்ந்தாலும் சும்மா விட்டுவிடுவார்கள். மலையாளிகள் காட்டை அப்படி நேர்ந்து விட்டார்கள். சாமிக்கு நாம் பொன் கொடுக்கிறோம், பட்டுக் கொடுக்கிறோம், கோபுரம் கட்டிக் கொடுத்துக் கல்லில் பேர் வெட்டிக்கொள்கிறோம். ஒன்றும் செய்யாமல் சும்மா விடுகிற காணிக்கைதான் எல்லாவற்றிலும் கடினம் என்று தோன்றுகிறது. அதில் பேர் வெட்டிக்கொள்ள இடமே இல்லை.

இந்த மலையில் பழைய காட்டின் நினைவு ஊர்ப் பெயர்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலையின் உயர்ந்த சிகரங்களில் ஒன்றுக்குச் சோலைக்கரடு என்று பேர். தலைச்சோலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயர்கள், சோளக்காடு மாதிரி, பொருளை இழந்த வெறும் பெயர்களாக ஆகிவிடுமா ஆகாதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

நீங்கள் ஏற்காட்டுக்குப் போனால் படகில் போங்கள், மலர்க் கண்காட்சி பாருங்கள், ஊர் திரும்பும்போது காப்பிப் பொடியும் மிளகும் வாங்கி வாருங்கள். ஒரு காலை வேளையை மட்டும் ஒதுக்கி, மலையாளிகளின் ஊர் எதையாவது தேடிப் போய், அங்கே யாராவது பெரியவரைக் கேட்டு, அவர் சம்மதித்தால் அவருடைய காட்டுக்குள் போய் வாருங்கள். செருப்பை வெளியே விடுங்கள். ஒன்றும் எடுக்காதீர்கள். முக்கியமாக, கோயில் திருப்பணிக்கு என்று யாராவது ரசீதுப் புத்தகத்தை நீட்டினால், "எந்த மரத்தையும் வெட்டாமல் கட்டுவீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு பணம் கொடுங்கள்.